நீ யார் என்று கேட்கும் உரிமை

கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கிறது. தாழிட்டவர், அந்த வீட்டுக்கு உரியவரே! வாயிலில் காவலர் இல்லை. கையில் விலங்கு இல்லை. காலில் தளை இல்லை. எனினும் எழுந்து வெளியே செல்ல அஞ்சுகிறார். எதிரே மேசைமீது, உள்ளங்கை அகலமே உள்ள கைப்பேசி. அதன் திரையில் காக்கி உடுத்த ஓர் உருவம். உருவத்தின் பின்னே அரசின் முத்திரை பொறித்த சுவர். "உறங்கும்போதும் கேமராவை அணைக்காதே" என்று அவ்வுருவம் ஆணையிடுகிறது, அணைக்காமலே உறங்குகிறார். "மகனிடம் பேசாதே, மருமகளிடம் மூச்சு விடாதே" என்கிறது, பேசுவதில்லை. "வங்கிக்குப் போ, வைப்புநிதியை உடை, நாம் குறிக்கும் கணக்குக்கு மாற்று, ஆராய்ந்து பார்த்துத் திருப்பித் தருவோம்" என்கிறது. போகிறார், உடைக்கிறார், மாற்றுகிறார். முப்பது ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள், முகமறியாத ஒருவன் பைக்குள் போய்ச் சேருகிறது.

இதற்கு "டிஜிட்டல் கைது" என்று பெயர். சட்டம் இட்ட பெயரன்று. எத்தர்கள் இட்ட பெயர். இந்நாட்டின் எந்தச் சட்ட நூலைப் புரட்டினாலும் இப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று தலைமை அமைச்சரே வானொலியில் பேசி, இப்படி ஒரு முறை சட்டத்தில் இல்லை என்று அறிவித்தார். அறிவித்த பிறகும் நின்றபாடில்லை. அரியானா மாநிலத்து அம்பாலாவில் முதிய இணையர் ஒருவர், உச்சநீதிமன்ற ஆணை என்று காட்டப்பட்ட போலித் தாளை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழந்தனர். அந்தக் குமுறல் மடலாகி மன்றத்துக்கே சென்றது. 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. இவ்வழியில் மக்கள் இழந்தது ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்ற கணக்கு அங்கே முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, நாடெங்கும் நடந்த இத்தகைய மோசடிகளை மத்தியப் புலனாய்வுத் துறை ஆராயட்டும் என்று ஆணை பிறந்தது. எந்தத் துறையின் பெயரைச் சொல்லி எத்தர்கள் மிரட்டினரோ, அந்தத் துறையே எத்தரைத் தேடப் புறப்பட்டது!

செய்தித்தாளில் இவற்றைப் படிப்போர் என்ன சொல்கின்றனர்? தேநீர்க் கடையில் காது கொடுத்துக் கேட்போம். "படித்தவர்தானே, இவ்வளவுகூடவா தெரியாது?" என்பார் ஒருவர். "பணம் மிதமிஞ்சிக் கிடந்திருக்கும்" என்பார் மற்றொருவர். "நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்" என்று மீசையை முறுக்குவார் மூன்றாமவர். பறிகொடுத்தவர் பாவம், பணத்தையும் இழந்து, ஊரார் வாயில் பட்டத்தையும் பெறுகிறார்: ஏமாளி! எத்தனுக்குக் கிடைப்பதோ, "கெட்டிக்காரப் பயல்" என்ற வியப்பு.

நாம் எழுப்பும் கேள்வி இதுதான்: ஏமாற்றப்பட்டவர் குற்றவாளியா? குற்றவாளி இல்லையெனில், அவர் தலைமேல் ஏன் குற்றச் சுமை ஏற்றப்படுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கூறுவதில், பகுத்தறிவு பேசும் நமக்குத்தான் தடுமாற்றம் அதிகம். மூடநம்பிக்கையைச் சாடிப் பழகிய நாக்கு நம்முடையது. நம்பினான், கெட்டான், ஆராய்ந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று கூறிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட நமக்கும் ஆசைதான். ஆனால் அது நேர்மையாகாது. கோயில் வாயிலில் காணிக்கை போட்ட ஏழையை நாம் பகைத்ததில்லை. போட வைத்தவனை, போட வைத்த அச்சத்தை, அந்த அச்சத்தை ஊட்டி வளர்த்த ஏற்பாட்டையன்றோ எதிர்த்து வந்தோம்! அதே அளவுகோல் இங்கே ஏன் கூடாது?

முதலில், வீழ்ந்தவர் யார் என்று பார்ப்போம். 2024-இல் பஞ்சாபின் லூதியானாவில், நாடறிந்த நெசவுத் தொழில் நிறுவனத்தின் தலைவர், எண்பது அகவை கடந்தவர், நடுவண் அரசின் உயர் விருது பெற்றவர், 7 கோடி ரூபாயை இழந்தார். அவருக்குத் திரையில் ஒரு நீதிமன்றமே நடத்திக் காட்டினர். இந்திய உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி போல ஒருவன் அமர்ந்து "வழக்கு" கேட்டானாம்! ஆயிரம் தொழிலாளரை ஆண்டவர், அரசோடும் வங்கியோடும் அன்றாடம் பழகியவர், அவர் நம்பினார். இன்னும் எத்தனையோ மருத்துவர்கள், பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், வங்கியிலேயே வாழ்நாள் கழித்தவர்கள். எழுத்தறிவின்மைதான் காரணம் என்றால், இந்தப் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது?

உண்மை சற்றுக் கசப்பானது. காவல் நிலையத்தின் படியேறிப் பழகிய கூலித் தொழிலாளியை இந்த வலையில் வீழ்த்துவது கடினம். காவலர் வந்தால் வீட்டுக்கு வருவார், கதவைத் தட்டுவார், சட்டையைப் பிடிப்பார், வண்டியில் ஏற்றுவார் என்பது அவனுக்குத் தெரியும். கைப்பேசியில் வந்து கண்ணியமாகக் "கைது செய்திருக்கிறோம், ஐயா" என்று கூறும் காவலரை அவன் கண்டதே இல்லை! வீழ்பவர், வாழ்நாளில் ஒருமுறையும் காவல் நிலையம் காணாதவர், வரி பாக்கி வைக்காதவர், படிவத்தில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்திட்டவர், வரிசையில் நின்றவர். சட்டத்துக்கு அடங்கி நடந்த நன்மக்கள்! அந்த அடக்கமே கொக்கியாகிறது.

இரண்டாவதாக, அவர் நம்பியது எதை வைத்து? அழைத்தவனுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. முகவரி தெரிந்திருந்தது. ஆதார் எண்ணும், கணக்கு உள்ள வங்கியும், சில வேளைகளில் மகன் பணிபுரியும் அயல்நாட்டு நகரும் தெரிந்திருந்தன. இவ்வளவு தெரிந்தவன் அரசாங்கத்தான் இல்லையென்றால் வேறு யார் என்று அவர் எண்ணியது மடமையா? ஊருக்குள் புதிதாக வரும் குறி சொல்பவனை நாம் அறிவோம். அவன் வருமுன்னே அவன் ஆள் வந்துவிடுவான். கிணற்றடியில், திண்ணையில், முடிதிருத்தும் நிலையத்தில் காதைத் தீட்டி உட்கார்ந்து, எந்த வீட்டில் யார் செத்தார், எந்தப் பெண்ணுக்கு மணம் தட்டிப்போயிற்று என்று அள்ளிக்கொண்டு போவான். பிறகு குறிகாரன் உடுக்கை அடித்து, "மூத்த பிள்ளையால் மனக்கவலை" என்பான், வீடே அதிர்ந்துவிடும். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் இத்தகைய வித்தைகளைத் தோலுரித்துக் காட்டுவதையே தம் வாழ்வின் பணியாகக் கொண்டார், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என்று 1963-இல் அறைகூவினார், வென்றவர் எவருமில்லை.

இன்றைய குறிகாரனின் ஆள் கிணற்றடியில் உட்காருவதில்லை. நம்முடைய விவரங்களை வாங்கி வைத்துக் காவாது விட்ட நிறுவனங்களின் கிடங்கில் உட்காருகிறான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நலவாழ்வுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் 3 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் விவரங்கள் வெளியேறி, டெலிகிராம் செயலியில் கேட்பார்க்கெல்லாம் கிடைத்த கதை 2024-இல் வெளிவந்தது. யாருக்கு என்ன நோய், எந்த மருத்துவமனை, எவ்வளவு தொகை, எல்லாம்! அந்த முதியவர் தம் விவரத்தைத் தெருவில் இறைக்கவில்லை. காப்பதாகச் சொன்னவரிடம் கொடுத்தார். காக்கத் தவறியவர் கேலிக்கு ஆளாகவில்லை, கொடுத்தவர் ஏமாளியானார்!

எனவே நம்பியது குற்றமன்று. நம்பிக்கையே கூடாதென்றால், மனிதர் கூடி வாழ்வதே இயலாது. மருத்துவர் தரும் மாத்திரையை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டா விழுங்குகிறோம்? பேருந்து ஓட்டுநரின் உரிமத்தைச் சோதித்துவிட்டா ஏறுகிறோம்? பகுத்தறிவு என்பது எதையும் நம்பாமை அன்று. நம்புவதற்குரிய அடையாளத்தைக் கேட்டுப் பெறுதல். அதைக் கேட்க அந்த முதியவரின் நா ஏன் எழவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய இடம்.

எழவில்லை, ஏனென்றால் எழுந்து பழகவில்லை. அதிகாரத்தை நோக்கி "நீ யார்?" என்று கேட்பது இந்நாட்டில் பண்பாகக் கற்பிக்கப்பட்டதா? பல நூற்றாண்டு காலம், மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, வாய்பொத்தி நிற்பதே மரியாதை என்று போதிக்கப்பட்டது. 1925-இல் பெரியார் 'குடி அரசு' ஏட்டைத் தொடங்கியபோதும், 1929-இல் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியபோதும், அவர்கள் எதிர்த்தது கோயிலை மட்டுமன்று; அந்தக் கூனலை. "துண்டைத் தோளில் போடு" என்றது ஒரு முழத் துணியைப் பற்றிய பேச்சா? கேள்வி கேட்கும் உடல் எப்படி நிற்கும் என்பதைப் பற்றிய பாடமன்றோ! பாடம் நடந்தது, பலன் விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் முடிந்துவிட்டதா? அலுவலகத்தில் தட்டெழுத்து நாற்காலியின் எதிரில் நின்று பாருங்கள். நாற்காலியில் இருப்பவர் கேட்பார். நிற்பவர் விடை கூறுவார். நிற்பவர் ஒரு கேள்வி கேட்டால், அறை முழுதும் திரும்பிப் பார்க்கும்!

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் அறிஞர் ஓர் ஆய்வு தொடங்கினார். பக்கத்து அறையில் இருப்பவர் தவறான விடை கூறும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி, சாம்பல்நிற மேலங்கி அணிந்த ஒருவர் கட்டளையிட்டார். அதிர்ச்சி போலி, அலறலும் போலி, ஆனால் பொத்தானை அழுத்தியவருக்கு அது தெரியாது. புகழ்பெற்ற அந்த முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர், 450 வோல்ட் என்று எழுதியிருந்த இறுதிப் பொத்தான்வரை அழுத்தினர். வியர்த்தனர், நடுங்கினர், மறுத்துப் பார்த்தனர், கடைசியில் அழுத்தினர். மேலங்கிக்காரரிடம் துப்பாக்கி இல்லை. மேலங்கிதான் இருந்தது! படித்த நாடு, குடியாட்சி நாடு, அங்கேயே அப்படி. இங்கே காக்கிக்கும் முத்திரைக்கும் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பதை நாம் அளந்து கூற வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவெனில், சட்டம் நம்மைக் குனியச் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கைது செய்யப்படுவோருக்குக் காரணத்தைக் கூறியாக வேண்டும் என்கிறது. தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தக் கட்டளையிடுகிறது. 1996 டிசம்பரில், டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாக விதிகளை வகுத்தது. கைது செய்ய வரும் காவலர், தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாள வில்லையை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ வட்டாரத்துப் பெரியவர் ஒருவரோ அதில் சான்றாகக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி போக வேண்டும். 2025 சனவரியில், காவல்துறை முன்னிலையாகுமாறு அனுப்பும் அறிவிப்பை வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது செல்லாது என்றும் அதே மன்றம் உரைத்தது.

எண்ணிப் பாருங்கள்! "நீ யார்?" என்று குடிமகன் கேட்கட்டும் என்பதற்காக வில்லை, "வேறு கண் ஒன்று பார்க்கட்டும்" என்பதற்காகச் சான்று, "வெளியே தெரியட்டும்" என்பதற்காக உறவினருக்குச் செய்தி. எத்தனின் நாடகமோ இம்மூன்றையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டதுதான்: கேட்காதே, காட்டாதே, சொல்லாதே. அந்த விதிகளை அறிந்த பத்து வயதுச் சிறுவன் வீட்டில் இருந்தால்கூட, நாடகம் முதற்காட்சியிலேயே கலைந்திருக்கும். பள்ளியில் அதைக் கற்பித்தோமா? படையெடுத்த மன்னர் பெயரையெல்லாம் நெட்டுருச் செய்யவைத்த நாம், கைது செய்ய வருபவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எந்தப் பாடநூலின் எந்தப் பக்கத்தில் அச்சிட்டோம்?

எத்தனின் குரல் ஏன் உண்மைக் குரல்போல ஒலித்தது என்பதும் எண்ணத்தக்கது. அவன் தானாக ஒரு குரலைப் படைக்கவில்லை; இருக்கும் குரலைப் படியெடுத்தான்! "இன்று மாலைக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்." இது எத்தன் அனுப்பியதா, வங்கி அனுப்பியதா? எவரால் பிரித்துச் சொல்ல முடியும்? "இணைக்காவிடில் செல்லாது", "தவறினால் தண்டம்", "கடைசி நாள்" என்றெல்லாம் மிரட்டும் நடையில்தான் மெய்யான அலுவலகங்களே ஆண்டுக்கணக்கில் பேசி வந்துள்ளன. தொலைபேசியில் அழைத்து, தாம் யார் என்பதற்கு ஒரு சான்றும் தராமல், "சரிபார்க்கப் பிறந்தநாளைச் சொல்லுங்கள்" என்று கேட்கும் பழக்கத்தை மெய்யான நிறுவனங்களே வளர்த்தன. குடிமகன் தன்னை மெய்ப்பிக்க வேண்டும்: கைரேகையால், கருவிழியால், எண்ணால், ஒருமுறைக் கடவுச்சொல்லால். அலுவலகம் தன்னை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. "நீ யார்?" என்ற கேள்வி, மேலிருந்து கீழே மட்டுமே ஓடும் வாய்க்காலாயிற்று. அந்த வாய்க்காலில்தான் எத்தன் ஓடம் விடுகிறான்.

இதனைத் திருத்தும் முயற்சிகள் அண்மையில் சில தொடங்கியுள்ளன, பாராட்டுகிறோம். வங்கிகள் தம் இணையதள முகவரியை, வங்கிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பணி தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. சிறிய ஏற்பாடுகள்தாம்; ஆனால் இவற்றின் பொருள் பெரிது. முதன்முறையாக, அழைப்பவர் தம்மை மெய்ப்பிக்கும் கடமை அழைப்பவர் தலையில் வைக்கப்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய வாதம் குறுக்கே வரும். "மறைக்க ஏதுமில்லாதவருக்கு அச்சம் எதற்கு? அந்தரங்கம், அந்தரங்கம் என்று கூச்சலிடுவோர், ஏதோ ஒளிப்பவர்" என்பர். நீதிமன்றத்திலேயே இதன் நிழல் படர்ந்ததுண்டு. 2015-இல் நடுவண் அரசின் தலைமை வழக்கறிஞர், அந்தரங்கம் அடிப்படை உரிமையே அன்று என்று வாதிட்டார். கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் தொடுத்த வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்புரைத்தனர். அதற்கும் முன்னே, 1962-இல், கரக் சிங் என்பவரின் வழக்கு. கொள்ளை வழக்கில் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் உத்தரப் பிரதேசக் காவலர் இரவு நேரங்களில் வந்து அவர் கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்துச் சென்றனர். அந்தரங்க உரிமையை அன்றைய பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆயினும் இந்த இரவுத் தட்டலை மட்டும் செல்லாதென்று நீக்கினர். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு, மேலும் முன்னே சென்றார். உறங்குபவனைப் பார்க்கும் அதிகாரம் அரசுக்கே இல்லை என்று 1962-இலேயே முடிவான நாட்டில், உறங்கும் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு ஒரு திருடனுக்குக் கேமராவைத் திறந்து வைத்தனர் நம் மக்கள்!

மறைக்க ஏதுமில்லாதவருக்கு அச்சமில்லை என்பது எவ்வளவு பொய் என்று பாருங்கள். வீழ்ந்தவர் அனைவரும் மறைக்க ஏதுமில்லாதவர்களே! உண்மைக் குற்றவாளியாயின் வழக்கறிஞரைத் தேடியிருப்பான், ஓடியிருப்பான். இவரோ தம் தூய்மையை மெய்ப்பிக்கத் துடித்தார். "என் கணக்கைப் பாருங்கள், என் நகையைப் பாருங்கள், ஒரு காசு கள்ளக்காசு இருக்கிறதா பாருங்கள்" என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தார். திறந்ததால் இழந்தார். குற்றம் சாட்டுபவனே மெய்ப்பிக்க வேண்டும், சாட்டப்பட்டவன் தன் தூய்மைக்குச் சான்று தேட வேண்டியதில்லை என்ற அறம் ஏட்டில் இருக்கிறது. இராமன் அவையில் தீக்குளித்துக் காட்டச் சொன்ன கதையைக் கற்பின் இலக்கணமாகக் கொண்டாடிய நாட்டில், அந்த அறம் நெஞ்சில் இறங்கச் சற்றுக் காலம் ஆகும் போலும்!

இனி இழப்பு யாருக்கு என்பது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளில், வாடிக்கையாளர் அறியாமல், அவர் தவறும் இன்றி, மூன்றாமவர் முறைகேட்டால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என்றிருந்தது. நல்ல விதி. ஆனால் அவரே கடவுச்சொல்லைத் தந்திருந்தால், தெரிவிக்கும்வரை போனதெல்லாம் அவரைச் சேர்ந்தது. டிஜிட்டல் கைதிலோ, அவரே வங்கிக்குப் போய், அவரே கையொப்பமிட்டு அனுப்புகிறார்; "அவர் இசைந்தார்" என்று கணக்கு முடிக்கப்படுகிறது. இசைவா அது? 1872-இல் வெள்ளையன் எழுதிய ஒப்பந்தச் சட்டமே, அச்சுறுத்தியும் வஞ்சித்தும் பெற்ற இசைவு விடுதலையான இசைவன்று என்று கூறுகிறது. இங்கிலாந்து நாட்டில் 2024 அக்டோபர் 7 முதல், வஞ்சகத்தால் வாடிக்கையாளர் தாமே அனுப்பிவிட்ட பணத்தையும், உள்நாட்டுக் கணக்குக்குச் சென்றதாயின், 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. மிகக் கொடிய கவனக்குறைவு இருந்தாலன்றி மறுக்க இயலாது.

"அப்படித் தந்தால் மக்கள் கவனமின்றித் திரிவர்" என்று கூறுவார் உண்டு. வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது, தள்ளிவிடவில்லை. காப்பீடு உள்ளவன் கதவைத் திறந்து போடக்கூடும்தான். ஆனால், பாதித் தொகையைத் தானே தர வேண்டும் என்ற நிலையில் வங்கி எவ்வளவு கவனமாகும் என்பதையும் எண்ண வேண்டாமா? மூன்று நாள் முன்னே தொடங்கிய கணக்கில் ஒரு கோடி வந்து விழுகிறது. விழுந்த சில மணித்துளிகளில் நாற்பது கணக்குகளாகச் சிதறுகிறது. அதைப் பார்த்தும் பாராதிருக்கும் வங்கி, இழப்பில் பங்கு உண்டென்றால் பார்க்கும்! 2024-இல் ஐதராபாத்தில், வைப்புநிதியை உடைக்கப் பதறி வந்த முதியவரிடம், "ஏன் ஐயா, இவ்வளவு அவசரம்?" என்று கேட்டு, விடாமல் பேசி, வலையிலிருந்து மீட்டனர் வங்கிக் கிளை ஊழியர்கள். கருவி எதுவும் தேவைப்படவில்லை. வரிசையில் நிற்பவரை எண்ணாகப் பாராமல் ஆளாகப் பார்த்தனர்.

மறுமுனையில் இருப்பவன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனும் ஒரு வகையில் பூட்டிய அறைக்குள்ளே இருப்பவனாக இருக்கலாம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடித் தொழிலில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, எல்லை தாண்டி மியாவடியில் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களும் அவர்களுள் உண்டு. 2022-இல் சிலர் மீண்டு வந்தனர். கடவுச்சீட்டைப் பறித்து, அடித்து, பட்டினி போட்டு, "நாளொன்றுக்கு இத்தனை பேரை வீழ்த்து" என்று பணிக்கப்பட்டவனைக் குற்றவாளி என்று கூற நமக்கு நா எழவில்லை. அடிமை ஒருவன் கையால் முதியவர் ஒருவரின் பொருள் பறிக்கப்படுகிறது. முதலாளி எங்கோ மாளிகையில் இருக்கிறான். ஆனால் நம் ஊரிலேயே, அடியும் உதையும் இன்றி, சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுபவன் இருக்கிறானே, அவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. "என் கணக்கில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது" என்பான். தெரியாமல் இருப்பதற்கே வாடகை வாங்கினவன்!

பறிகொடுத்தவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நாணாமல், நாழிகை கடத்தாமல், 1930 என்ற எண்ணுக்கு அழைத்தல். பணம் பல கணக்குகளில் சிதறுமுன்னே தடுக்க வேண்டுமாயின் மணிக்கணக்கும் முக்கியம். பலர் அழைப்பதில்லை, அழைத்தாலும் இரண்டு நாள் கழித்து. ஏன்? ஊர் சிரிக்கும் என்று. தேநீர்க் கடையில் மீசை முறுக்கியவரின் சிரிப்பு, எத்தனுக்கு இரண்டு நாள் இலவசமாகத் தருகிறது.

கடைசியாக, 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டம். விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்கிறது. கேட்கும்போது இனிக்கிறது! தண்டப் பணம் எங்கே போகிறது? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. விவரத்தை இழந்து, அதனால் பொருளையும் இழந்தவருக்கு? ஒன்றுமில்லை. முன்னிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று கூறியது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்க வகை செய்கிறது. அதே சட்டம், பொய்யான அல்லது அற்பமான முறையீடு கொண்டுவரும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் மறக்கவில்லை! விவரம் கொடுத்தவர் தண்டம் கட்டலாம். இழப்பீடு பெற முடியாது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், இச்சட்டத்தின் பெரும்பகுதி நடைமுறைக்கு வரப் பதினெட்டுத் திங்கள் தவணை குறித்தன. சட்டம் முழுமையாக இறங்கும் நாளில், இழப்பீட்டுப் பிரிவு ஏட்டிலிருந்து மறையும். அதற்குள், நம் வாக்கைப் பெற்று தில்லி சென்றவர்களில் யாரேனும் ஒருவர் அவையில் எழுந்து, 43-ஏ பிரிவு எங்கே என்று கேட்பாரா?